ஹெராத்தின் கவிதைகளைச் சிவகாசியில் அச்சிட்டவர்

காலண்டர் லோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில் நாதிர் போன் செய்தார். மதுரை மருத்துவமனையில் இருந்த அவர் மனைவி ஷகீபா இறந்துவிட்டார். அன்று மாலையே விருதுநகரில் அடக்கம். எங்கள் அச்சகத்தின் பைண்டிங் பெண்கள் வீட்டுக்கு வந்து முகம் பார்த்துவிட்டுப் போனார்கள். அவரைத் தெரிந்த பலர் தொலைவில் இருக்கிறீர்கள். உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஹெராத்தில் பாரசீக இலக்கியம் கற்பித்தவர் ஷகீபா. கணவர் இங்கே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது உடன் வந்தார். காபூலில் ஆட்சி மாறியதும் திரும்பிப் போக வழியில்லை. அங்கே பெண்களுக்குக் கல்லூரி மூடப்பட்ட பிறகு, அவருடைய பழைய மாணவிகள் வியாழக்கிழமை மாலைகளில் போனில் கூடித் தங்கள் கவிதைகளை வாசித்தார்கள். அவற்றைப் புத்தகமாக்கத்தான் சிவகாசியில் நான் நடத்தும் அச்சகத்துக்கு வந்தார்.

தமிழை அவர் பைண்டிங் பெண்களிடம் கற்றார். வலமிருந்து இடமாக எழுத்து ஓடும் அச்சுத் தாளைப் பார்த்து, புத்தகம் பின்னாலிருந்தா ஆரம்பிக்கிறது என்று அவர்களில் ஒருத்தியான முத்துலட்சுமி கேட்டாள். “எங்களுக்கு நீங்கதான் பின்னால இருந்து ஆரம்பிக்கிறீக” என்றார் ஷகீபா.

நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் வெடி சோதித்துப் பார்க்கும் சத்தம் அடிக்கடி கேட்கும். முதல் நாள் அவர் சுவரோரம் போய் நின்றார். யாரும் ஓடாததைப் பார்த்ததும்தான் இந்த ஊரில் இருக்கலாம் என்று தோன்றியதாகப் பிறகு சொன்னார். தங்கையைப் பட்டாசு விபத்தில் இழந்த முத்துலட்சுமி, “பெரிய சத்தம்னா நாங்களும் ஓடுவோம்க்கா” என்றாள். அதன் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள்.

யார் பெயரும் இல்லாமல் புத்தகம் வரவேண்டும் என்பது ஷகீபாவின் முடிவு. ஒரு மாணவி மட்டும் சம்மதிக்கவில்லை. பெயரையும் விட்டுக்கொடுத்தால் தன்னிடம் வேறென்ன மிச்சம் என்று கேட்டாள். அது அவளுடைய பெயர்தானே, அவள் இஷ்டம் அல்லவா என்றேன் நானும்.

“அவ பேரு மட்டும் இல்ல. அவ அப்பா, தம்பி, தெரு எல்லாம் அதுக்குள்ள இருக்கு. உயிரோட இருந்தா அடுத்த புத்தகத்துல போட்டுக்கலாம்” என்றார் ஷகீபா.

பெயரில்லாமலே அச்சிட்டோம். அந்தப் பெண் வியாழக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டாள். அவள் முறை வரும்போது ஷகீபா சற்று நேரம் பேசாமல் காத்திருந்துவிட்டு அடுத்தவரை அழைப்பார். ஒரு வாரமும் அவர் அதைத் தவறவிட்டதில்லை.

அவள் குடும்பம் எல்லை தாண்டி வேறொரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவளே கூப்பிட்டாள். ஷகீபாவுக்கு அப்போது சிகிச்சை தொடங்கியிருந்தது. பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அடுத்த புத்தகத்தில் அவள் பெயரை எப்படி எழுதிப் போடவேண்டும் என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டார். இரண்டாம் புத்தகத்தின் புரூஃபை மருத்துவமனைக்கு எடுத்துப்போனேன். அவள் பெயர் இருந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

“பேரு வந்துருச்சு. ஆளு ஊருல இல்ல” என்றார்.

புத்தகம் கைக்கு வருமுன் போய்விட்டார்.

வியாழக்கிழமைக் கூட்டத்தை இப்போது அந்தப் பெண் நடத்துகிறாள். என்னையும் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மொழி தெரியாது. ஒரு கவிதை முடிந்தால் ஷகீபா பாராட்டமாட்டார். ‘துபாரா’ என்பார். இன்னொரு முறை என்று அர்த்தம். அவர் இல்லாத முதல் வியாழனன்று ஹெராத்திலிருந்து ஒரு பெண் வாசித்து முடித்தாள். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவள் முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள்.