ஓம் என்றால் ஆம்பிளை

பிரெஞ்சு பேசும் மொன்றியலுக்கு வந்த புதிதில், கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு மேல்மாடி வீட்டில் பெண்கள் இரண்டு பேர், நானும் ஓர் அக்காவும், இருந்தோம். சொந்த அக்கா இல்லை, அகதியாக வந்த இடத்தில் கிடைத்த அக்கா. தனியாக இருந்த எங்கள் ஊர்ப் பெடியன்களுக்கு மாலையில் சோறு சமைத்துக் கொடுப்போம். ஒவ்வொருவராக வெளிப்படியால் ஏறி வருவார்கள். கொஞ்ச நேரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு இறங்கிப் போவார்கள். கீழ்வீட்டு மனிசி இதைப் பார்த்துவிட்டு, மேலே விபசார விடுதி நடக்கிறது என்று பொலிசுக்குச் சொல்லிவிட்டார்.

ஒரு பொலிஸ்காரரும் ஒரு பொலிஸ்காரியும் வந்தார்கள். அடுத்த மாதம் என் அகதி வழக்கு விசாரணை. பொலிசில் பெயர் பதிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், தெரிந்த கொஞ்ச இங்கிலிஷும் மறந்துவிட்டது.

“என்னவாம்?” என்றார் அக்கா.

“எங்களைப் பாதுகாக்க வந்திருக்கினமாம்.”

“ஆரிட்டயிருந்து?”

இங்கே என்ன விற்கிறீர்கள் என்று பொலிஸ்காரி இங்கிலிஷில் கேட்டதை அக்காவுக்குச் சொன்னேன். அக்கா என் காதுக்குள், “சோறெண்டு சொல்லட்டே?” என்றார்.

“ஓம் அக்கா.”

பொலிஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“சொதியும் எண்டு?”

“ஓம், ஓம்.”

அவர் முகம் சிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, ஊரில் நீதிமன்றத்தில் கிளாக்காக இருந்த அண்ணை சாப்பிட வந்தார். பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறவர்.

“ஐயோ, ஓம் எண்டு சொல்லாதையுங்கோ! பிரெஞ்சில ஓம் எண்டா ஆம்பிளை!”

பிறகு அவரே சட்டிகளைத் திறந்து காட்டி விளங்கப்படுத்தினார். பொலிஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். அண்ணைக்குக் கதை சொல்ல உசார் வந்துவிட்டது.

“வெள்ளைக்காரன் காலத்தில கொழும்பிலயும் இப்பிடித்தானாம், அக்கா. பாதுகாக்கிறம் எண்டு பெண்டுகளைப் பதிஞ்சு, நோய் இருக்கோ எண்டு பாக்க டொக்குத்தரிட்ட இழுத்துக்கொண்டு போனவங்களாம். வந்துபோன ஆம்பிளையளை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.”

“அப்ப உம்மைக் கேக்கச் சொல்லட்டே, தம்பி? நாள் தவறாமல் வாறது நீர்தானே.”

அண்ணை திறந்த சட்டிகளை மூடத் தொடங்கினார்.

பொலிஸ்காரி தொப்பியைப் போட்டுக்கொண்டு கதிரையால் எழும்பினார். கடைசியாக என்னிடம், நீ இங்கே நன்றாக இருக்கிறாயா என்று கேட்டார். ஓம் என்று சொல்லப் பயம். எங்கள் முறைப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். அவர்களுக்கு அது இல்லை என்று அர்த்தம். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் கதிரையில் இருந்தார்.

“ஓமெண்டதுக்கு வீ எண்டு சொல்லும், பிள்ளை! வீ!” என்று அண்ணை கத்தினார்.

“வீ! வீ! வீ!” என்று நானும் கத்தினேன். கீழ்வீட்டு மனிசிக்கும் கேட்டிருக்கும். பொலிஸ்காரி ஒரு பெயரும் பதியாமல் படியிறங்கிப் போனார்.