கரீபியன் கடலுக்குக் கிணற்றில் ஒத்திகை

பிள்ளைகளே, அடி அண்ணாமலை ஊரைத் தாண்டி ஒரு வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக வேனை நிறுத்தியிருக்கிறோம். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்கள் மாமா இங்குள்ள கிணற்றில் நீச்சல் பழகப் போகிறார். அடுத்த மாதம் அத்தையோடு கரீபியன் தீவு ஒன்றுக்குப் போகிறாராம். அங்கே படகே வேண்டாமாம். முதுகில் காற்று சிலிண்டரோடு கரையிலிருந்தே கடலுக்குள் நடந்து இறங்கலாமாம். எந்தக் கரையில் எந்த மீன் என்று வேலூரிலிருந்து வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டு வந்தார். முதலில் நீந்திக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் டிக்கெட் வாங்கிய பிறகுதான் படித்தாராம். இதற்குப் பெயர் திட்டம்!

இப்போது நீச்சல் கண்ணாடி, காலுக்கு ரப்பர் துடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு கிணற்றுப் படியில் வாத்து மாதிரி நிற்கிறார். தண்ணீர் இன்னும் முழங்காலைத் தொடவில்லை.

கொல்லைக்கார அம்மா எட்டிப் பார்க்கிறார். "இடுப்புல சுரைக்குடுக்கை கட்டிக்கிறீங்களா சார்? எங்க பசங்க அதைக் கட்டிக்கினுதான் பழகுனாங்க."

"டெக்னிக்லாம் தெரியுங்க. தண்ணிதான் ரொம்ப ஜில்லுனு இருக்குது."

"அப்ப கடல்ல வெந்நீர் ஊத்தி வெச்சிருக்காங்களா?"

உங்கள் அத்தை சிரிக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டிலிருந்து தொபுக்கென்று குதிக்கிறாள். என் தங்கை எங்கள் ஊர்க் கிணற்றில் சின்ன வயதிலேயே குதித்தவள்தானே! எதிர்ச் சுவரைத் தொட்டுத் திரும்பி, மாமாவின் காலருகே தலையைத் தூக்குகிறாள்.

"அந்தக் கண்ணாடியையும் துடுப்பையும் கழட்டிக் குடுங்க. மீனை நான் பாத்துட்டு வந்து சொல்றேன். நீங்க கரையில துண்டை வெச்சிக்கினு நில்லுங்க."

மாமா கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்கிறார். ஈரத்தில் துடுப்புதான் வரமாட்டேன் என்கிறது. அதைப் பிடித்து இழுக்க நான் படியிறங்கிப் போகிறேன்.