கம்பார்ட்மெண்ட் அங்கிள்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரவிருந்த வாரத்தில் சண்முகவேல் போய்விட்டார். தொலைபேசியில் சொன்னது அவருடைய மகள் கோமதி. காலையில் பால் வாங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வருஷத்தில் வேறு நாளே இல்லையா, இந்த மனுஷன் போவதற்கு? தில்லி கிட்வாய் நகரில் அவரோடு பழகியவர்களுக்கு என் கோபம் புரியும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

லோதி ரோடு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் அவரும் நானும் பல வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் தென்காசிப் பக்கம், நான் தஞ்சாவூர்ப் பக்கம். என்னை "வே" என்றுதான் கூப்பிடுவார். சுலபமான மனிதர் என்று சொன்னால் அவரே எழுந்து வந்து மறுப்பார். சீட்டாட்டத்தில் கூசாமல் கள்ளாட்டம் ஆடுவார். பிடித்தால் சண்டைக்கு வருவார். கேன்டீன்காரரோடு பேச்சுவார்த்தை கிடையாது. மேலதிகாரி ஒரு குறிப்பைத் திருத்தினால், திருத்தியதைத் திருத்தி மறுபடி அனுப்புவார்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. முடிவுகள் வந்த சாயங்காலம், தேறிய பிள்ளைகளின் வீட்டிலிருந்து மாடிக்கு மாடி லட்டு வரும். தேறாத வீட்டில் கதவு சாத்தியிருக்கும். கதவைப் பார்த்தே எல்லோரும் விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள். தொண்ணூறுகளின் நடுவில் கோமதி பரீட்சை எழுதிய வருஷம், சண்முகவேல் கோல் மார்க்கெட்டில் முன்கூட்டியே லட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார். அத்தனை நம்பிக்கை. மத்தியானம் லட்டுப் பெட்டிகள் வந்து இறங்கின. அதற்குப் பிறகுதான் பள்ளியிலிருந்து கோமதி வந்தாள். கணக்கு, பொருளாதாரம் இரண்டிலும் போய்விட்டது. ஒன்றில் போனால் ஜூலையில் கம்பார்ட்மெண்ட் பரீட்சை எழுதலாம். இரண்டில் போனால் அந்த வருஷமே கையைவிட்டுப் போன மாதிரி.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. சண்முகவேல் கையில் லட்டுத் தட்டு. என் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக, எத்தனை மார்க் என்று கேட்டாள்.

"கணக்குலயும் எக்கனாமிக்ஸ்லயும் போயிட்டா. அடுத்த வருஷம் எழுதுவா. படியில வச்சுப் பிள்ளைட்ட யாரும் மார்க் கேக்காதீய. அதைச் சொல்லத்தான் வந்தேன். லட்டை எடுத்துக்கிடுங்க."

அப்படியே எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரர்களிடம் போய் அதையே இந்தியில் சொன்னார். எந்த வீட்டையும் விடவில்லை. எனக்குத் தெரிந்து, பெண் தேறாததற்கு லட்டு கொடுத்தவர் தில்லியிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். மறுநாள் கோமதி பால் பூத்துக்குப் போய்வந்தாள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

ஊரிலிருந்து அவருடைய அண்ணன் ஃபோன் செய்தார். பெண்ணை அனுப்பி வை, தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன் இருக்கிறான், கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றார். கோமதிக்கு அப்போது பதினெட்டு முடிந்திருக்கவில்லை. தமிழில் பஸ் பெயரைக்கூட எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அண்ணன் பேச்சை அதுவரை தட்டாதவர் சண்முகவேல். அந்தத் தடவை, "பிள்ளை இங்கனதான் இருப்பா" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டார். இரண்டு வருஷம் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

அடுத்த வருஷம் பொருளாதாரம் தேறிவிட்டது. கணக்கு மறுபடியும் போனது. ஜூலையில் கம்பார்ட்மெண்ட் எழுதினாள், அதுவும் போனது. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவரின் மகள் என்று எங்கள் அலுவலகத்திலேயே சிலர் சிரித்தார்கள். அவர் இன்னொரு டியூஷன் வாத்தியாரைத் தேட ஆரம்பித்தார். கோமதி, "போதும் அப்பா, எனக்கு மேத்ஸ் வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மூன்று நாள் அலுவலகத்தில் என்னோடுகூட அவர் பேசவில்லை. நாலாம் நாள் டீக்கடையில், "விட்டுட்டேன் வே. எழுதப்போறது அவதானே, நானா?" என்றார். பிடிவாதக்காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பிடித்ததை விடுவதிலும் அதே உறுதியைக் காட்டியவர் இவர் ஒருவர்தான்.

கோமதியைத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்த்தார். கணக்குக்குப் பதில் மனையியல் எடுத்துத் தேறினாள். அஞ்சல் வழியில் பி.ஏ., கூடவே விமான டிக்கெட் போடும் படிப்பு. கனாட் பிளேஸ் பக்கம் ஒரு டிராவல் ஆபீஸில் வேலை கிடைத்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறாள். கலெக்டராகிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறாள், நன்றாக இருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் சண்முகவேல் லீவு போட்டுவிடுவார். கதவு சாத்தியிருக்கும் வீடாகப் பார்த்துப் போவார். இதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கம்பார்ட்மெண்ட் அங்கிள். அவருக்கு அதில் கொள்ளைப் பெருமை. "ஃபெயிலானவனுக்கு அழுறதுக்கு ஒரு நாள் குடுங்க. ரெண்டாவது நாள் குடுக்காதீய" என்பார். இரண்டாம் நாள் காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மறுகூட்டல், கம்பார்ட்மெண்ட், திறந்தநிலைப் பள்ளி, பாலிடெக்னிக் என்று எது யாருக்குச் சரிப்படுமோ அந்த வாசலில் போய் வரிசையில் நிற்பார். குடிசைப் பகுதியில் ஒரு கொத்தனார், பத்தாவதில் தவறிய மகனை மறுநாளே சாந்து கலக்கக் கூட்டிப்போவதாக இருந்தார். அவரோடு தெருவில் நின்று சத்தம் போட்டு, அந்தப் பையனை மறுபடி எழுத வைத்து, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார். இப்போது எங்கள் வீட்டு ஃபேனுக்கு அவன்தான் வருகிறான்.

இந்த வருஷ முடிவுகள் வந்தபோது அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. ஊரிலிருந்து அண்ணனும் உறவுக்காரர்களும் வந்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒருவர் தம் மகளோடு வந்து நின்று, அங்கிள் இருக்காரா என்று கேட்டார். விஷயம் தெரியாமல் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் செத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினார். அந்தப் பெண் அழுது அழுது கண் வீங்கியிருந்தாள்.

கோமதி எழுந்தாள். "உள்ள வாங்க" என்றாள். துக்க வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லக்கூடாது. பெரியப்பா நிமிர்ந்து முறைத்தார். அவள் அதைச் சட்டை செய்யவில்லை. அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, உறவுக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு மேத்ஸ் மூணு தடவை போச்சு. உனக்கு எதெல்லாம்?"

"ஃபிசிக்ஸ், மேத்ஸ்" என்றாள் அவள். வந்ததிலிருந்து அவள் பேசியது அதுதான் முதல்.

காரியம் முடியும்வரை கோமதி வெளியே போகக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். கேட்கக்கூட இல்லை, நானே தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணோடு திறந்தநிலைப் பள்ளி அலுவலக வாசலில் நின்றேன். நல்ல வெயில், நீளமான வரிசை, எனக்கோ முழங்கால் வலி. நீங்க கம்பார்ட்மெண்ட் அங்கிளுக்கு என்ன வேணும் என்று அவள் கேட்டாள். ஆபீஸில் பக்கத்து நாற்காலி என்றேன். சொன்ன பிறகு அது போதாது என்று பட்டது.

"இனிமே அவர் நாற்காலி வேலையையும் நான்தாம்மா பாக்குறேன்" என்றேன்.