வியாழக்கிழமை பையர்

எங்கள் திருப்பூரில் மனநல மருத்துவரைப் போய்ப் பார்ப்பது சுலபம். பார்த்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் திரும்பி வருவதுதான் நடக்காத காரியம். காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேச்சுக் கொடுத்தால் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகிவிடுவார். அவர் வீடு போய்ச் சேருவதற்குள் விஷயம் பல்லடத்தைத் தாண்டியிருக்கும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதனால்தான் என் கணவர் சென்னையில் இருக்கும் ஒரு டாக்டரை இணையத்தில் தேடிப் பிடித்தார். அந்த அம்மாவை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் காலையில் எழுந்து, பல் விளக்கி, அருள்புரத்தில் இருக்கும் ஆபீசுக்கு நானே வண்டி ஓட்டிப் போகிறேன் என்றால் அதில் பெரும்பங்கு அவருடையது.

நான் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் கேட்ட சரக்கு, கேட்ட நிறத்தில் கப்பல் ஏறும்வரை அவருக்குப் பதில் சொல்வது என் வேலை. துணி சாயப்பட்டறையிலேயே கிடந்தாலும் 'ஆன் டிராக்' என்று மெயில் அடித்துப் பழகிய கை. அப்படிப்பட்ட எனக்கு, போன் மணி அடித்தாலே நெஞ்சை யாரோ மிதிப்பதுபோல ஆகத் தொடங்கியது. மூச்சு வாங்கும். பிறகு சோறு இறங்கவில்லை. தூக்கம் போனது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். தண்ணீர் வீணாகிறதே என்று அதற்கும் சேர்த்து அழுவேன். என்ன குறை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

மாமியாருக்கு மட்டும் தெரியக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் தெரிந்த மறுநாளே மந்திரிக்கக் கூட்டிப்போவார், மாத்திரையைப் பிடுங்கிவிடுவார், 'கொஞ்ச நாளைக்கு' என்று என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். அத்தைக்குத் தெரிந்தால் அன்றோடு டாக்டரிடம் பேசுவதை நிறுத்திவிடுவேன் என்று கணவரிடம் சொல்லியும் விட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"பையர் கால்னு சொல்லிக்கலாம். யாரு கேக்கப் போறாங்க?"

நல்ல யோசனைதான். நமக்குப் பொழுது சாயும்போதுதான் ஐரோப்பாக்காரர்களுக்கு மதியம். அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்போடு பேசுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே பல வீட்டில் உண்டு. அப்படித்தான் வியாழக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்கு ஒரு பையர் வரத் தொடங்கினார்.

முதல் நாள் தலைவாரி, பவுடர் போட்டு, பையருக்கு அனுப்பும் சாம்பிள் பீஸ் போல இஸ்திரி மடிப்போடு உட்கார்ந்திருந்தேன். "எப்படி இருக்கீங்க?" என்றார் டாக்டர். "ஆல் குட் மேடம், நோ இஷ்யூஸ்" என்றேன். வாய்ப் பழக்கம்! அவர் சிரிக்கவில்லை. "அப்புறம் ஏன் வந்திருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எங்கள் தொழிலில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். அவர் காத்திருந்த அந்தச் சில நொடிகளில் என் பவுடரெல்லாம் கரைந்துபோனது.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் கேட்டார். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார். பயப்படாமல் ஒருவர் கேட்டதால்தான் என்னாலும் பயப்படாமல் பதில் சொல்ல முடிந்தது. தைராய்டு பார்க்கச் சொன்னார். மாத்திரை எழுதினார். நாளைக்கே சரியாகிவிடாது, சில வாரம் ஆகும், முதலில் வயிற்றைப் புரட்டும், தானாக நிறுத்தக் கூடாது என்றார். எல்லாம் அப்படியே நடந்தது. பையருக்குத் தேதி சொல்லியே காலம் தள்ளிய எனக்கு, சொன்னது சொன்னபடி நடந்ததே பாதி நிம்மதி. மெல்ல மெல்லச் சோறு சோறாக ருசித்தது. அந்த அம்மாவுக்கு நான் எத்தனை தடவை நன்றி சொன்னாலும் தகும்.

வீட்டில் பையருக்கு நடந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் அத்தை மிக்சி போட மாட்டார். டிவியில் சீரியல் வாயை மட்டும் அசைக்கும். வாசலுக்கு யார் வந்தாலும், "மருமவ வெளிநாட்டுக்காரங்ககிட்டப் பேசிட்டிருக்கறா, அப்பறமா வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கதவுக்குப் பின்னால் அதைக் கேட்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோமே என்று கூசும்.

வினை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் சொந்தமாகச் சின்னதாக ஒரு தையல் யூனிட் போட்டிருப்பவர். வாராவாரம் தவறாமல் ஒரு பையர் இந்த வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்தால் திருப்பூர்க்காரன் சும்மா இருப்பானா? ஒரு வியாழக்கிழமை, தூறல் போடுகிறதே என்று அத்தை மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போன நேரம். நான் முன்னறையில் கண்ணைத் துடைத்துத் துடைத்து டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அண்ணன் பளீரென்ற நீல டி-ஷர்ட் ஒன்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நேராக லேப்டாப் முன்னால் வந்து நின்றார்.

"ஒரே நிமிசங் கண்ணு. குட் ஈவினிங் மேடம்! சிங்கிள் ஜெர்சி, பயோ வாஷ் மேடம். வெரி சாப்ட். தொட்டுப் பாத்தீங்கன்னா..." தொட்டுப் பார்க்க முடியாது என்று அப்போதுதான் உறைத்து, துணியைக் கேமராவுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

பதறியதில் ஹெட்போன் ஒயர் கழன்று விழுந்தது. டாக்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. என் மானம் போனது என்றுதான் நினைத்தேன்.

"கலர் நல்லா இருக்குங்க சார். நாங்க முக்கியமான மீட்டிங்ல இருக்கோம்."

"ஆகட்டுங் மேடம், ஆகட்டுங்!" அண்ணன் பூரித்துப்போனார். வெளிநாட்டுப் பையர் எப்படித் தமிழ் பேசுகிறார் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அதற்குள் தோள் நிறையத் துணியோடு அத்தை ஓடி வந்து, "உங்க ஊட்டுத் துணியெல்லாம் நனையுது, மொதல்ல போயி எடுங்க" என்று அவரை வாசல்வரை தள்ளாத குறையாக அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

"துணி எடுக்கப் போன நேரம் பாத்துப் பூந்துட்டாப்ல. என்ற தப்புத்தான் சாமி."

"பரவால்லீங்க அத்தை. பையர் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"எந்தப் பையர்கிட்டக் கண்ணு, தூக்கம் வரமாட்டேங்குதுன்னு தமிழ்ல அழுவாங்க?"

சட்டென்று அத்தை பக்கம் திரும்பினேன்.

"எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். கதவத்தான சாத்தறே, என்ற காதையா சாத்தறே? நீயாச் சொல்றப்பச் சொல்லட்டும்னு இருந்தேன்."

மிக்சி ஓடாத சாயங்காலங்கள், வாயசைத்த சீரியல்கள், வாசலில் சொன்ன பொய்கள், எல்லாம் பையருக்காக இல்லை. எனக்காக. அந்த அன்பு அப்படியே புரிந்தும்கூட, பழைய பயம் முந்திக்கொண்டது. கை லேப்டாப் மூடிக்குப் போனது. "நிறுத்திக்கறேங்க அத்தை" என்றேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். துணி அவர் தோளிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

"மங்கலத்துல என்ற தங்கச்சியக் கட்டிக் குடுத்திருந்தோம். அவளுக்கும் இப்பிடித்தான். தூங்க மாட்டா. சும்மா சும்மா அழுவா. எங்கிட்டச் சொல்ல வருவா. ஊரு கேட்டுச்சுன்னா சிரிக்கும், வாய மூடுன்னு நான்தான் சொல்லுவேன். மூடிட்டா. ஒருநா எங்களுக்கு இல்லாமயே போயிட்டா."

திரையில் டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தபடி இருந்தார். அன்றும் காத்திருந்தார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கழன்று கிடந்த ஹெட்போனை எடுத்து என் கையில் வைத்தார்.

"நிறுத்தாத சாமி. அந்தம்மா எவ்வளவு நேரமாக் காத்துட்டிருக்குது பாரு. நீ பேசு கண்ணு."