புகைக்கு மேலே ஒரு காலை

செல்போன் கோபுரங்களில் விளக்கு மாற்றுகிறவர் என்பதால் ஊருக்கெல்லாம் அவர் 'டவர் அண்ணன்'. குளிர்காலம் வந்தால் போதும், அவர் மனைவியை இளைப்பு படாதபாடு படுத்தும்; படுக்க முடியாமல் இரவெல்லாம் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பாள். கோடையில் சும்மா இருக்கும் ஊர்ச் செங்கல் சூளைப் புகை பனிக்காலத்தில் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது என்பது அவருக்குப் பிடிபட்டதே இல்லை.

ஒரு குளிர்காலக் காலையில் இருமிக்கொண்டே கோபுரம் ஏறியவருக்குப் பாதி உயரம் தாண்டியதும் மூச்சு லேசானது. குளிர்கூடக் குறைந்திருந்தது. கீழே பார்த்தார், ஊரையே காணோம். சூளைப் புகை நேராக எழும்பி, எதிலோ முட்டியதுபோல் வளைந்து, வீடுகளின் மேல் ஒரே மட்டமாய்ப் பரந்து கிடந்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"ஜன்னலைத் திறந்துட்டியா?"

"இப்பத்தான். நல்ல காத்து வரட்டுமேன்னு."

"உடனே மூடும்மா! மேல கதகதன்னு இருக்கு, கீழதான் குளிரு. புகை ஏற வழியில்லாம நம்ம தலைமேலயே கிடக்கு."

"ஏறின வேலையை விட்டுட்டு வேடிக்கை பாக்குறீங்களா?"

வேடிக்கைதான் பார்த்தார். வெயில் ஏற ஏறப் புகை மெல்ல அசைந்து எழும்பி, பத்து மணிக்கு அவரையும் தாண்டிக் கரைந்தது. தெருக்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"இப்பத் திற" என்றார், மறுபடி போன் போட்டு.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டு ஜன்னல் பத்து மணிக்குத்தான் திறந்தது. இளைப்பு அடியோடு விடவில்லை. ஆனால் அவள் படுத்துத் தூங்கினாள்.