பெரிய மாப்பிள்ளையின் பம்பர்

அந்த வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவர் இரும்பு கேட் செய்கிறவர். வெல்டிங் வைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, கொண்டுபோய் மாட்டிவிட்டும் வருவார். இளையவர் ஒரு கம்பெனியில் மேனேஜர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கக் காய்கறி வாங்கப் போகிற ஆள்.

சகலை புதுக் கார் வாங்கும்வரை கேட்காரருக்கு அவர்மேல் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அதுவரை மாமனார் வீட்டில் கார் என்றால் கேட்காரர் கார்தான். பழைய வண்டி. டப்பா மாதிரி உயரமாக நிற்கும். பின்சீட்டை மடக்கினால் இரும்புக் குழாய்கூட ஏற்றலாம். எங்கே போவதென்றாலும் மாமனார், “பெரிய மாப்பிள்ளைய வரச் சொல்லு” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பற்றவைத்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

புதுக் கார் வெள்ளை. கதவைச் சாத்தினால் சாத்தினது தெரியாது. அதை எல்லாருக்கும் காட்ட வந்த அன்று சகலை, பக்கத்தில் நின்ற பழைய வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின் பம்பரில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் பல்லைக் காட்டியது.

“என்னண்ணே, வண்டிக்குச் சொறி பிடிச்சிருக்கு?”

மச்சினி சிரித்தாள், மாமியார் சிரித்தார். அதெல்லாம் போகட்டும். அவர் மனைவியும் சிரித்தாள். அதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று முடிவானபோது, திரும்பி வர எந்தக் கார் என்று பேச்சு வந்தது. கிழவர் யோசித்தார். “அன்னைக்குப் பாத்துக்கலாம்” என்றார்.

கேட்காரருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் இந்தக் கேள்விக்கு யோசனையே தேவைப்பட்டதில்லை.

மறுநாளே பட்டறையில் பம்பரைச் சுரண்ட ஆரம்பித்தார். தகட்டால் நெம்பியதும் பழைய பெயிண்ட் அப்பளமாக நொறுங்கி விழுந்தது. அந்தப் பக்கம் போன சகலை காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

“அண்ணே, பிளாஸ்டிக்குக்குத் தனி பிரைமர் இருக்காம். அது அடிக்காட்டி பெயிண்ட் ஒட்டாதாம். எனக்குத் தெரிஞ்ச ஒர்க்‌ஷாப் இருக்கு, சொல்லட்டுமா?”

“நான் அடிச்ச கேட்டெல்லாம் மழையில நிக்குது சகல. நீங்க ஆபீசுக்கு நேரமாகுதில்ல, கிளம்புங்க.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார். இவர் வாயிலிருந்து வந்ததால் கேட்கக் கூடாது. இரும்புக்கு அடிக்கிற அதே சிவப்பு பிரைமரை அடித்தார். கேட்டுக்கு அடிக்கிற வெள்ளை எனாமலில் கறுப்பு கலந்து, வண்டியின் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்து, மேலே ஏற்றினார். காய்ந்ததும் முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு. இப்ப மிச்ச வண்டிதான் பழசாத் தெரியுது” என்றாள்.

“உனக்கு உன் தங்கச்சி வண்டிதான் கண்ணுக்குள்ள நிக்குது.”

“எனக்கா உங்களுக்கா?” என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மாமனாரை அழைத்துவரும் காலையில் வண்டியைக் கழுவ ஹோஸைப் பிடித்தார். தண்ணீர் வேகமாகப் பட்டதும் பம்பரின் ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் மாதிரி உப்பி எழுந்தது. கட்டை விரலால் அழுத்தினார். ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம்வரை தாங்கினால் போதும் என்று கிளம்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் சகலை முந்திக்கொண்டு காரை நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். சீட்டில் புது மெத்தை வேறு. மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு நர்ஸின் கையைப் பிடித்து வந்தவர், நேராக வெள்ளைக் காரைப் பார்த்து நடந்தார். கேட்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

கிழவர் உள்ளே நுழையத் தலையைத் தாழ்த்தினார்.

“குனியாதீங்க ஐயா. டாக்டர் என்ன சொன்னாரு?” என்று நர்ஸ் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

கார் தாழ்வான கார். நிமிர்ந்தபடி ஏறிப் பார்த்தார், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார், ஏற முடியவில்லை.

“பெரிய மாப்பிள்ள எங்க? அவரு வண்டின்னா அப்படியே உக்காரலாம்” என்றார்.

கேட்காரருக்கு நெஞ்சு அரை அடி நிமிர்ந்தது. மாமனாரை முன்சீட்டில் உட்கார வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கதவைச் சாத்தினார்.

பாதி வழியில் பின்னால் படபடவென்று சத்தம். பின்சீட்டிலிருந்த மனைவி திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். “என்னங்க, பம்பரு தோலுரியுது.”

கண்ணாடியில் பார்த்தார். நீளமாக ஒரு பட்டை கொடி மாதிரி பறந்துகொண்டிருந்தது. அதிலிருந்து பிய்ந்த துண்டொன்று, பின்னால் வந்த வெள்ளைக் காரின் முன்கண்ணாடியில் போய் ஒட்டியது. சகலை வைப்பரைப் போட்டார்.

“என்ன சத்தம் மாப்பிள்ள?”

“காத்து மாமா.”

“சின்னவரு பின்னாடி வர்றாரா? அவரு வண்டி வர்றதே தெரியல. நல்ல வண்டி.”

“வர்றாரு” என்றார்.

வீட்டு வாசலில் பெண்கள் மாமனாரை உள்ளே கூட்டிப்போனார்கள். சகலை குனிந்து, தொங்கிய பட்டையை முழுசாக உரித்துக் கையில் கொடுத்தார். கேட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கிண்டலுக்குக் காத்திருந்தார்.

“நான் இந்த வண்டி வாங்கினதே மாமாவ ஒரு தடவையாவது நான் கூட்டிட்டு வரணும்னுதாண்ணே” என்றார் சகலை. “எப்பப் பாத்தாலும் பெரிய மாப்பிள்ள, பெரிய மாப்பிள்ள. மெத்தையெல்லாம் வாங்கிப் போட்டேன்.”

அதைக் கேட்டதும் கேட்காரருக்கு வெயிலில் வந்தவன் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. “விடுங்க சகல, அடுத்த தடவ உங்க வண்டிதான்” என்றார். சொல்வதற்குச் செலவில்லை. “ஆமா, அந்த பிரைமர் எங்க கிடைக்கும்?”

சகலை கடையைச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கேட்காரர் உரிந்த பட்டையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதியானதும், வெள்ளைக் காரின் பம்பரைக் குனிந்து பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தேடினார்.

ஒரு கீறல்கூட இல்லை.