பேச முடிகிற வேகம்

இசக்கியப்பன் கோதண்டத்துக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். நாலு மாத ரூம் வாடகை. அட்வான்ஸில் கழித்தது போக நின்ற பாக்கி அது.

கோதண்டத்துக்கு வாடகை பாக்கி வைத்துவிட்டு ஒருத்தன் நாலு மாதம் அதே ரூமில் படுத்து எழுந்தான் என்று சொன்னால் ஒரகடத்தில் யாரும் நம்பமாட்டார்கள். ஐந்தாம் தேதிக்குள் வாடகை வராவிட்டால் ஆறாம் தேதி மோட்டார் ஓடாது. ஏழாம் தேதி அந்த ரூமின் ஃபியூஸ் கட்டை அவர் வேட்டி மடிப்பில் இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்தான். ஆனால் பதினாலு ரூமின் கரண்ட் கணக்கையும் வாயாலேயே போட்டுச் சொல்வார். சிப்காட் வந்தபோது நிலம் விற்ற காசில் ஊரே காரும் மோதிரமும் வாங்கியது. கோதண்டம் ஒருத்தர்தான் செங்கல் வாங்கினார். அதைத் தூக்கக்கூட ஆள் வைக்கவில்லை. சூளையில் ஊரான் வீட்டுக்குச் சுமந்த தலை நம் வீட்டுக்குச் சுமக்காதா என்று தானே ஏற்றினார். இன்றைக்கு அந்த மோதிரக்காரர்களின் பிள்ளைகள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி உடுப்பு போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கோதண்டத்துக்குக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் மாதம் பிறந்தால் காசு வருகிறது. கூழுக்கு வழியில்லாமல் கிடந்தவன் ஒருத்தன் கை ஊன்றி எழுந்து நின்ற கதை அது. சாதாரணக் கதையா?

கதை பெரிதுதான், கேட்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று. அவர் "அப்பல்லாம் நானு" என்று தொடங்கினாலே மனைவி செங்கமலம் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவாள். பெங்களூரில் இருக்கும் மகன் புருஷோத்தமன் போனை எடுத்ததும் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்வான். ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்கு மீட்டிங்தான். டீக்கடைக்குப் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

இசக்கியப்பன் வள்ளியூர்ப் பக்கத்துப் பையன். கார் சீட்டு செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தான். லைன் ஒன்றை நிறுத்தியபோது காண்ட்ராக்ட் ஆட்களைத்தான் முதலில் வெளியே அனுப்பினார்கள். கூட இருந்த மூன்று பேரும் ஊருக்குப் போய்விட, இவன் ஒருத்தன் மட்டும் அந்த ரூமிலேயே தங்கி வேலை தேடினான். கிடைத்த நாளில் குடோனில் மூட்டை இறக்கினான். என்ன ஆனாலும் விடிகாலையில் எழுந்து ஓடுவதை மட்டும் விடவில்லை. போலீஸ் வேலைக்கா, ரேசுக்கா என்று கேட்டவர்களுக்கெல்லாம், சும்மாதான், ஓடினால் நன்றாக இருக்கிறது என்று சொன்னான்.

சும்மா ஓடுகிறவனைக் கோதண்டம் அதுவரை பார்த்ததில்லை. சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டரிடமே, "நான் நடக்காத நடையா?" என்று கேட்டுவிட்டு வந்தவர் அவர். கடன் கேட்கப் போய்த்தான் அவரும் ஓடும்படி ஆயிற்று.

அன்றைக்கு விடியும்போதே கேட்டருகே நின்று அவனை மடக்கினார். ஓடிவிட்டு வந்து பேசுவதாகச் சொல்லிவிட்டு அவன் ரோட்டில் இறங்கினான். தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தார் கோதண்டம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினார்.

"ஓடிகினே பேசுடா. எனக்கு இன்னா கால் இல்லியா?"

லாரி பார்க்கிங் வருவதற்குள் கண் இருட்டிவிட்டது. விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அதுதான் சமயம் என்று அவன் போயிருக்கலாம். திரும்பி வந்து அவரை ரோட்டோர மதகுக் கட்டை மேல் உட்காரவைத்தான். சிரிக்கவில்லை.

"பேச முடியுத வேகத்துலதான் ஓடணும் அண்ணாச்சி. பேச்சு நின்னுட்டுன்னா வேகம் கூடிட்டுன்னு அர்த்தம்."

மறுநாளும் வாடகை கேட்கத்தான் போனார். ஒரு லைட் கம்பம் வரை ஓட்டம், அடுத்த கம்பம் வரை நடை என்று வைத்துக்கொள்ளச் சொன்னான். வாரத்துக்கு ஒரு கம்பம் கூட்டினால் போதும், கால் வலித்த மறுநாள் ஓடக் கூடாது என்றான். வாரத்துக்கு ஒரு கம்பமா? ஒரே மழைக்காலத்தில் நாலு ரூம் எழுப்பியவருக்கா? மூன்றாம் நாளே அவனைக் கேட்காமல் மேம்பாலம் வரை ஓடிவிட்டு வந்தார். முட்டி வீங்கி ஒரு வாரம் கட்டிலில் கிடந்தார். அதற்குப் பிறகு அவன் சொன்ன கம்பத்தில் நின்றார். வாழ்க்கையில் இன்னொருத்தன் நிற்கச் சொல்லி அவர் நின்றது அதுவே முதல் தடவை.

பேசிக்கொண்டே ஓடவேண்டும், சரி. எதைப் பேசுவது? வாடகைப் பேச்சு இரண்டு கம்பத்துக்குள் முடிந்துவிடும். எப்போது கொடுப்பாய் என்றால், வேலை கிடைத்ததும் என்பான். அதற்குமேல் ஒன்றுமில்லை. வாயை மூடினால் வேகம் தெரியாது. ஆகவே கோதண்டம் தமக்குத் தெரிந்ததைப் பேசினார்.

முதல் மாதம் சூளைக் கதை ஒன்றே லாரி பார்க்கிங் வரை போதுமானதாக இருந்தது. தூரம் கூடக் கூடக் கதையும் கூடியது. மேம்பாலத்துக்குப் போக, முதல் ரூம் கட்டிய கதை வேண்டியிருந்தது. பாலத்தைத் தாண்டி வல்லக்கோட்டை ரோடு திரும்புகிற இடம் வரை போனபோது, செங்கமலத்திடம்கூடச் சொல்லாததெல்லாம் வெளியே வந்தது. மழை ராத்திரியில் தாம் போர்த்தியிருந்த போர்வையைச் சிமெண்ட் மூட்டைக்குப் போர்த்திவிட்டு விடிய விடிய நனைந்து நின்றது. பேங்க் மேனேஜர் நாற்காலி காட்டாமல் நிற்கவைத்துப் பேசியது, பிறகு அதே பேங்கில் வேறொரு மேனேஜர் எழுந்து நின்று கும்பிட்டது. இசக்கியப்பன் பக்கத்திலேயே ஓடிவந்தான். அவ்வப்போது, "அப்புறம், அண்ணாச்சி?" என்பான்.

அந்த "அப்புறம்" என்ற சொல்லைக் கோதண்டம் யார் வாயிலிருந்தும் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

ஷூ வாங்கியது அந்தச் சமயத்தில்தான். அதுவரை, காலி செய்து போனவன் எவனோ விட்டுப்போன எட்டாம் நம்பர் ஷூவைத்தான் மாட்டிக்கொண்டு ஓடினார். செருப்பு எட்டு, ஆகவே ஷூவும் எட்டு. கட்டைவிரல் நகம் கறுத்துப்போனபோது இசக்கியப்பன் ஷூவின் முனையை அழுத்திப் பார்த்துவிட்டு, விரல் முட்டுகிறது, வேறு வாங்கத்தான் வேண்டும் என்றான். காலையில் கடைக்குப் போகக் கூடாது, சாயங்காலம் கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அப்போது போட்டுப் பார்த்தால்தான் ஓடும்போது பிடிக்காது என்று சொல்லிப் படப்பைக்குக் கூட்டிப்போனான். ஓடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு வரச் சொன்னான்.

கடைக்காரர் பத்தாம் நம்பரை எடுத்து வைத்ததும் கோதண்டத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் இன்னா யானையா? எட்டு எடுய்யா."

இசக்கியப்பன் அவரை எழுந்து நிற்கச் சொன்னான். உட்கார்ந்து பார்த்தால் அளவு தெரியாது என்றான். அவர் பாதத்தின் முன்னால் குனிந்து, விரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். அவ்வளவு இடம் இருக்கவேண்டுமாம். குதிகால் மட்டும் தூக்கக் கூடாதாம்.

"சுமந்த காலு அண்ணாச்சி, பரந்துதான் இருக்கும்" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்குக் கோதண்டம் பேரம்கூடப் பேசாமல் நாலாயிரத்து ஐந்நூறை எடுத்து வைத்தார். ரப்பர் செருப்புக்கே ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கிறவர். அந்த வாரம் முழுக்க டீக்கடையில் அவருக்குச் 'சுமந்த காலு' பேச்சுதான்.

வாடகை? அந்தச் சொல்லே அவர் வாயிலிருந்து வருவது நின்றுவிட்டது. "இன்னாயா, அந்தப் புள்ளயாண்ட வாடக கேட்டியா, மறந்துட்டியா?" என்று செங்கமலம் கேட்கும்போதெல்லாம், எங்கே போய்விடுவான், கொடுப்பான் என்று சொல்லிவைத்தார். அதே மாதம் எதிர் ரூம் மகாராஜா இரண்டே நாள் தவணை கேட்டான். முடியாது என்று ஃபியூஸைப் பிடுங்கினார். தலையைச் சொறிந்துகொண்டே, "நானும் ஷூ ஒண்ணு வாங்கிக்கிடட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனான் மகாராஜா. அவன் கேட்டது கோதண்டத்துக்கு அப்போது புரியவில்லை.

சில நாள் கழித்துப் புரிந்தது. அன்று ஓட்டம் முடிந்து, தண்ணீர் திறந்துவிட மாடித் தொட்டிக்கு ஏறியிருந்தார். கீழே குழாயடியில் மகாராஜா பல் விளக்கிக்கொண்டிருந்தான். இசக்கியப்பன் முகம் கழுவ வந்தான்.

"வட்டி கட்டியாச்சாலே?" என்றான் மகாராஜா.

"கட்டியாச்சு."

"இன்னைக்கு எந்தக் கதை?"

"சிமெண்டு மூட்டைக்குப் போர்வை போத்துனது."

"மறுபடியுமா? எப்படில கேக்க?"

"எங்க கேக்கேன். ரெண்டு போஸ்டுக்கு ஒருக்கா 'அப்புறம் அண்ணாச்சி'ன்னு சொன்னாப் போதும். வாடகை பேச்சே வராது."

மகாராஜா வாயிலிருந்த நுரையோடு சிரித்தான். இசக்கியப்பன் சிரிக்கவில்லை.

"என் ஓட்டத்த நான் ஓடி எத்தன மாசம் ஆச்சு தெரியுமாலே?" என்றான்.

கோதண்டம் வால்வைப் பிடித்தபடியே நின்றார். இறங்கிப் போய் அந்தக் கணமே ஃபியூஸைப் பிடுங்கலாம். பெட்டியைத் தூக்கி ரோட்டில் எறியலாம். அவர் எறியாத பெட்டியா? கை வரவில்லை. பணம் வந்துவிட்டால் மறுநாள் அவன் வரமாட்டான் என்பது அவருக்கு அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. தெரியாமலா இத்தனை நாள் கேட்காமல் இருந்தார்? அதைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ராத்திரி படுத்தபடியே ஒரு முடிவுக்கு வந்தார். நாளைக்கு வாயைத் திறக்கப்போவதில்லை. ஏன் அண்ணாச்சி பேசாமல் வருகிறீர்கள் என்று அவனாக ஒரு வார்த்தை கேட்கட்டும். கேட்டுவிட்டால் பதினெட்டாயிரமும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது. வாழ்நாளில் யாருக்கும் ஒரு ரூபாய் தள்ளிக் கொடுக்காத மனிதர், பதினெட்டாயிரத்தை ஒரு கேள்விக்கு விலையாக வைத்தார்.

காலையில் இருவரும் புறப்பட்டார்கள். முதல் கம்பம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. இசக்கியப்பன் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓடினான். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போயின. லாரி பார்க்கிங் தாண்டியதும் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த காலடிச் சத்தம் மாறியது. அவன் தெரிந்தே செய்த மாதிரி இல்லை. தோள் தளர்ந்து, கால் தானாக நீண்டது. இரண்டு கம்பத்துக்குள் அவரைவிட ஒரு கம்பம் முன்னால் போய்விட்டான். கோதண்டம் எட்டிப்போட்டுப் பார்த்தார். பத்தாம் நம்பர் ஷூவில் கால் சுகமாகத்தான் இருந்தது. மூச்சுதான் எட்டவில்லை. இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். பையன் தரையைத் தொட்டும் தொடாமலும் மேம்பாலத்து ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தான். இத்தனை மாதம் கூட ஓடியும் அவன் ஓடுவதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தான். வியர்வை சொட்ட, அவர் ஒரு நாளும் பார்த்திராத ஒரு முகத்தோடு வந்தான். அவர் நிற்பதைக் கண்டதும் அந்த முகம் அணைந்துவிட்டது.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. கால் பாட்டுக்குப் போயிட்டு."

அவனே தொடர்ந்தான். ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, கம்பெனியே ஹாஸ்டல் கொடுக்கிறது, சனிக்கிழமை புறப்படவேண்டும், அதற்குள் வாடகைக் கணக்கை முடித்துவிடுவதாகச் சொன்னான்.

"காசுக்கு இன்னாடா இப்ப அவசரம்?" என்றார் கோதண்டம். அது தம் குரல்தானா என்று அவருக்கே தோன்றியது. "சம்பளம் வாங்கு. லீவுல இந்தப் பக்கம் வரச்சொல்லோ குடு. நான் இன்னா கேட்டுகினா கீறேன்?"

"வேண்டாம் அண்ணாச்சி. முடிச்சிட்டே போயிருதேன்."

சனிக்கிழமை காலை மாடிப்படியருகே பையோடு வந்து நின்றான். ரூம் சாவியைக் கொடுத்தான். ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக் கட்டு ஒன்றை எடுத்தான். அக்கா வளையலை அடகு வைத்து அனுப்பியிருக்கிறாள் என்றான். கேட்காமலே தவணை கொடுத்த கடனுக்கு வளையலை எதற்கு வைத்தாய் என்று கேட்க வாய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓசூரிலிருந்து பஸ் இருக்கிறது, வந்தால் நீ உன் வேகத்துக்கு ஓடு, நான் பின்னால் வருகிறேன் என்று சொல்லவும் வாய் வந்தது. அதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஊரையே பேசி மடக்கிய வாய் அவருடையது.

"கரண்டு காசு?" என்றார்.

"அத அன்னைக்கே குடுத்துட்டேன் அண்ணாச்சி. கைய நீட்டுங்க."

நீட்டினார். இசக்கியப்பன் ஒவ்வொரு ஐந்நூறாக அவர் உள்ளங்கையில் வைத்தான். கோதண்டத்தின் உதடு பழக்கத்தில் தானாகவே எண்ணியது. அந்த உதடு ஒரு நாளும் தப்பாக எண்ணியதில்லை. கடைசி நோட்டு விழுந்தபோது கணக்கு நேராக இருந்தது.

"ஒண்ணு கம்மியா கீதே" என்றார். "பரவால்ல போ. இன்னொரு நாள், காத்தால இந்தப் பக்கம் வரச்சொல்லோ குடு."

இசக்கியப்பன் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். எண்ணிக்கொடுத்தவன் அவன். மறுபடி எண்ணச் சொல்லவில்லை, ஒரு வார்த்தை வாதாடவுமில்லை. சட்டைப் பைக்குள் விரலை விட்டு, பஸ்ஸுக்கென்று மடித்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்தான். மடிப்பை நீவி, இன்னும் மூடாமல் இருந்த அந்த உள்ளங்கையில் மேலாக வைத்தான்.